கடைசி அறையில் ஒரு கைப்பிடி

வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றியதும் சுலக்சன் செய்கிற முதல் காரியம் தொலைக்காட்சியைப் போடுவது. முகம் கழுவுவதெல்லாம் அதற்குப் பிறகு. இரவு முழுக்கக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கி அடுக்கியவனுக்கு நித்திரை உடனே வராது. ஜேர்மனியின் ஹம் நகரம் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஓடுகிற நேரத்தில், அவன் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுக் கொன்ட்ரோலரைக் கையில் எடுப்பான்.

அவன் விளையாடுவது ஒரேயொரு விளையாட்டு. ‘லம்பெ’ என்று பெயர். ஜேர்மன் மொழியில் விளக்கு என்று அர்த்தம். அம்மா அதை லாம்பு விளையாட்டு என்பார். கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் அடியில் ஒரு குட்டி உருவம் கையில் விளக்கோடு நிற்கும். அறை அறையாக ஏறி வெளியே வர வேண்டும். கதை அவ்வளவுதான். ஆனால் வெளிச்சம் விழுகிற இடத்தில் மட்டுமே படி இருக்கும், இருட்டில் காற்றுத்தான். ஆகவே விளக்கை மேலே எறிய வேண்டும். அது காட்டுகிற படியில் காலை வைத்துப் பாய வேண்டும். விளக்கு கீழே வருவதற்குள் எட்டிப் பிடிக்க வேண்டும். தவறினால் அறையின் அடியிலிருந்து மறுபடியும்.

பெரிய நிறுவனம் செய்தது இல்லை. ஒரு பெண் தனியாக இருந்து செய்தது. விளம்பரம் இல்லை, பாராட்டு இல்லை, விழுந்தால் ஆறுதல் வார்த்தை இல்லை. அதுதான் சுலக்சனுக்குப் பிடித்தது. மற்ற எல்லா இடத்திலும் அவனுக்கு ஆறுதல் வார்த்தை வேண்டிய மட்டும் கிடைத்திருந்தது. மெக்கட்ரோனிக் ஆஸ்பில்டுங்கை, அதாவது இயந்திர மின்னியல் தொழிற்பயிற்சியை, கடைசி வருடத்தில் விட்டபோது மேற்பார்வையாளர் தோளில் தட்டி, “நீ நல்ல பையன், ஆனால்” என்றார். அந்த ஆனாலுக்குப் பிறகு வந்தது எதுவும் உண்மையில்லை என்று சுலக்சனுக்குத் தெரியும். அவனுக்குக் கை வராது என்பதுதான் உண்மை. அதை நேரே சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. லம்பெ அப்படி இல்லை. நீ பிந்திப் பாய்ந்தாயா, விழு. அதற்கு முகம் பார்க்கத் தெரியாது.

சுரங்கத்தின் கடைசி அறை பெயர் பெற்றது. பழைய காற்றாடிகள் சுழன்று விளக்கைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். நல்ல ஆட்டக்காரர்கள் பலர் அந்த அறையோடு விளையாட்டையே விட்டிருக்கிறார்கள். சுலக்சன் விடவில்லை. குளிர்காலம் முழுக்க அந்த அறையில் விழுந்தான். இளவேனிலில் ஒரு நாள் மத்தியானம் மேலே வந்தான். உருவம் சுரங்கத்தின் வாயில் நின்று விளக்கை ஊதி அணைத்தது, வெளியே பகல். ‘மேலே வந்தவர்கள்’ என்ற பட்டியலில் அவன் பெயர் ஏறியது. இருபத்தாறு வயதில் அவன் தொடங்கி முடித்த ஒரே காரியம் அது. இதைச் சொல்ல அவன் வெட்கப்படவில்லை. முடிக்காதவற்றைச் சொல்வதற்குத்தான் வெட்கப்பட்டான்.

அன்று காலை விளையாட்டுக்குப் புதுப்பிப்பு ஒன்று வந்திருந்தது. பட்டியலைத் திறந்தான். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு படம் புதிதாக முளைத்திருந்தது. மாடிப்படிக் கைப்பிடியின் படம். யார் அந்தச் சோம்பேறிகள் என்று பார்த்துக்கொண்டே இறங்கினான். இறங்கியவன் தன் பெயரில் நின்றான்.

அவன் பெயருக்குப் பக்கத்திலும் கைப்பிடி.

கைப்பிடி என்பது விளையாட்டின் ஒரு மூலையில் ஒளித்து வைத்திருக்கும் உதவி. அதைப் போட்டுக்கொண்டால் விளக்கின் வெளிச்சம் படியில் ஒரு இமைப்பொழுது கூடத் தங்கும். உருவத்தின் விரல் விளிம்பை ஒரு கடுகளவு முன்னமே பற்றிக்கொள்ளும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் கடைசி அறையில் கடுகளவு என்பது மலையளவு. சுலக்சன் அதைத் தொட்டதில்லை. தொடுபவர்களை மனிதராக மதித்ததும் இல்லை.

நித்திரை எங்கே போனதென்று தெரியவில்லை. லம்பெ ஆடுபவர்கள் கூடிப் பேசுகிற பக்கத்துக்குப் போய் எழுதினான்: விளையாட்டு பொய் சொல்கிறது, புதுப்பிப்பில் பிழை இருக்கிறது, நேர்மையாக ஏறினவனைக் கள்ளனாக்கியிருக்கிறது, உடனே திருத்த வேண்டும். பல் தீட்டிவிட்டு வந்து பார்த்தபோது பதில்கள் வரிசையாக விழுந்திருந்தன. எல்லாம் ஒரே பதில். அவன் முன்பு எழுதிய ஒரு வசனத்தைத் தேடி எடுத்து, ஆளுக்கு ஆள் அதையே திருப்பி ஒட்டியிருந்தார்கள்.

“கைப்பிடியோடு ஏறினவன் ஏறவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.”

ஒருவன் அதன் கீழே தொட்டில் படம் ஒன்றும் போட்டிருந்தான்.

சுலக்சனுக்குக் காது வரை சூடேறியது. தன் வார்த்தையை வைத்தே தன்னை அடிக்கிறார்கள். அதுவும் பிழையான குற்றச்சாட்டுக்கு. உண்மையில் களவெடுத்தவனுக்குக்கூட இவ்வளவு கோபம் வராது என்று நினைத்தான். களவெடுத்தவன் எதிர்பார்த்துக்கொண்டாவது இருப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொலோன் நகரத்தில், சின்னச் சின்ன விளையாட்டுகளைச் செய்பவர்களின் கண்காட்சி ஒன்று இருந்தது. லம்பெயைச் செய்த சில்கெ லோமன் அங்கே மேசை போடுகிறார் என்று பார்த்திருந்தான். கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கிற பொறுமை அவனுக்கு இல்லை. ரயில் ஏறினான். ரயில் வழக்கம் போல வழியில் காரணம் சொல்லாமல் நின்றது. நின்ற நேரமெல்லாம் அவன் மனதுக்குள் பேச வேண்டியதைப் பேசிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் அந்தப் பேச்சு இன்னும் நன்றாக வந்தது.

பழைய தொழிற்சாலை மண்டபம். சுவரில் எண்ணெய்க் கறை அப்படியே இருந்தது. மூலையில் ஒரு மேசை, அதன் மேல் ஒரு திரை, பின்னால் நரைத்த தலைமயிரைக் கட்டாமல் விட்ட ஒரு பெண். சுடுதண்ணீர்ப் போத்தலின் மூடியை உள்ளங்கை இரண்டாலும் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

“உங்கள் விளையாட்டு பொய் சொல்கிறது,” என்றான் சுலக்சன் ஜேர்மனில். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

லோமன் நிமிர்ந்து பார்த்தார். “எந்த இடத்தில்?”

“என் பெயருக்குப் பக்கத்தில் கைப்பிடி போட்டிருக்கிறது. நான் அதைத் தொட்டதே இல்லை.”

“இருங்கள்,” என்று கதிரையைக் காட்டினார். “இந்தாருங்கள் கொன்ட்ரோலர். கைப்பிடியைப் போட்டுக் காட்டுங்கள்.”

“அது எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.”

“நல்லது. தேடுங்கள்.”

தேடினான். விளையாட்டை நிறுத்தி வைத்தால் வருகிற பக்கத்தின் அடியில் விளக்கின் படம் ஒன்று இருந்தது. எழுத்து எதுவும் இல்லை. அதில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை.

“அழுத்திப் பிடியுங்கள்,” என்றார் லோமன். “இன்னும். விடாதீர்கள்.”

திரையில் உருவம் மெல்லக் குனிந்து, விளக்கைத் தரையில் வைத்துவிட்டு, சுவரைத் தடவிக் கைப்பிடியைப் பற்றியது.

“பார்த்தீர்களா? நித்திரை தூங்கி அதன் மேல் விழுந்தாலும் வராது. தவறுதலாக யாருக்கும் வந்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்தேன். தானாக அது வரவே வராது.”

“பிழை இருக்கலாம்.”

“என் விளையாட்டில் பிழை எத்தனையோ இருக்கிறது. இதில் இல்லை. இந்த அடையாளத்தைச் சோதித்த மாதிரி வேறு எதையும் நான் சோதித்ததில்லை. போடச் சொல்லி என் உயிரை வாங்கினார்களே.”

“யார்?”

“ஆட்டக்காரர்கள். சுத்தமாக ஏறினவர்கள்.” லோமன் தேநீரை ஊற்றினார். “கைப்பிடி பிடித்தவனையும் பிடிக்காதவனையும் ஒரே பட்டியலில் போடாதே, அடையாளம் காட்டு என்று கடிதத்துக்கு மேல் கடிதம். அதில் ஒருவர் இருக்கிறார், அவருக்கு வேறு வேலையே இல்லை. கைப்பிடியோடு ஏறினவன் ஏறவில்லை, அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று எழுதுவார். கடைசியில் களைத்துப் போய்ப் போட்டுவிட்டேன். அவர் ஹம் பக்கத்துக்காரர் என்று நினைக்கிறேன்.”

சுலக்சன் கொன்ட்ரோலரை மேசையில் வைத்தான்.

“நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்?” என்று கேட்டார் லோமன்.

அவன் சுவரிலிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தான். அதுவே போதுமாக இருந்தது. லோமன் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. கெட்ட சிரிப்பாக இருந்திருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

“நீங்கள்தானா!”

“ஏன் அந்தக் கைப்பிடியை வைத்தீர்கள்?” என்றான் அவன். குரல் உயர்ந்ததில் பக்கத்து மேசைக்காரர் திரும்பினார். “கடினமாகச் செய்துவிட்டு, பிறகு ஏன் ஓட்டை போட்டு வைத்தீர்கள்?”

லோமன் தன் கைகளை மேசையில் வைத்தார். விரல் மூட்டுகள் வீங்கிக் கோணியிருந்தன. “எனக்காக வைத்தேன். நான் செய்த கடைசி அறையை நானே கைப்பிடி இல்லாமல் ஏற முடியாது.”

“அது வேறு.”

“எது வேறு?”

வேறுதான் என்பதில் அவனுக்குச் சந்தேகம் இல்லை. அவருக்கு அது வேண்டியிருந்தது; அவரே எடுத்தார். தனக்கு அது வேண்டியிருக்கவில்லை, யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதை அவன் அங்கே வைத்து நினைக்கவில்லை, பிறகுதான் நினைத்தான். அங்கே அவன் கேட்டது இவ்வளவுதான்:

“அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.”

“முடியாது. எடுக்கவே முடியாதபடி இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். ஆட்டத்தையே அழித்தால் பெயரும் போகும், கைப்பிடியும் போகும். வேறு வழி நான் வைக்கவில்லை.” தேநீரை அவன் பக்கம் தள்ளிவிட்டு, “உங்கள் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டார்.

திரும்பி வருகிற ரயிலில் அவனுக்கு இருக்க இடம் கிடைத்தது. இருந்திருக்க வேண்டாம். நின்றிருந்தால் யோசித்திருக்க மாட்டான்.

கடைசி அறையை முடித்த அன்று என்ன நடந்தது? காலையில் வந்து விளையாடி, தோற்று, ஆட்டத்தை நிறுத்தி வைத்தபடியே சோபாவில் நித்திரையாகிவிட்டான். மத்தியானம் எழும்பி, முகம்கூடக் கழுவாமல் கொன்ட்ரோலரை எடுத்தான். கொஞ்ச நேரத்தில் மேலே வந்துவிட்டான். கத்திக்கொண்டு குசினிக்கு ஓடினான். அம்மா அடுப்படியில் நின்றார். தட்டில் கேசரி ஊற்றி ஆறி, வில்லையாக வெட்டியும் வைத்திருந்தது. முந்திரிகை வற்றல்கூடப் போட்டிருந்தது. அவன் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தான் முடித்துவிட்டதாகச் சொன்னான். அம்மா, “எனக்குத் தெரியும் தம்பி” என்றார்.

கேசரி கிண்டி, ஆறி, வெட்டுகிற அளவுக்கு இறுக எவ்வளவு நேரம் பிடிக்கும்? அவன் முடிக்கும் முன்பே அம்மா அதை அடுப்பில் ஏற்றியிருக்கிறார்.

ரயில் ஹம் நிலையத்துக்குள் நுழையும் முன்பே அவன் எழும்பிக் கதவடியில் போய் நின்றான்.

வீட்டில் அம்மா சந்திரகாந்தி குசினி மேசையில் இருந்து மீன் துப்பரவு செய்துகொண்டிருந்தார். பல் மருத்துவரிடம் ஆஸ்பில்டுங் செய்கிற தங்கை மிதுசா எதிரே இருந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா லொறி ஓட்டுபவர். அன்றைக்குப் போலந்தில் எங்கேயோ நின்றார்.

“என்ரை கொன்ட்ரோலரை ஆர் தொட்டது?” என்றான் சுலக்சன்.

மிதுசாவின் கண் அம்மாவிடம் போய்விட்டுத் திரும்பி வந்தது. அது போதும்.

“என்னடா, வந்ததும் வராததுமாய்?” என்றார் அம்மா. “சாப்பிட்டியே? சூட்டோடை ஒரு மீன் பொரிச்சுத் தரட்டே?”

“அம்மா, நான் கடைசி அறை முடிச்ச அண்டைக்குக் கேசரி முன்னமே வெட்டிக் கிடந்தது. நான் முடிப்பன் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“அண்டைக்கு வெள்ளிக்கிழமை. சாமிக்குப் படைச்சனான்.”

“அண்டைக்குத் திங்கள்.”

“நீங்கள் வெள்ளியிலை ஒருநாளும் கேசரி கிண்டினதில்லை அம்மா,” என்றாள் மிதுசா. “பொய் சொல்லுறதெண்டாலும் கடலை எண்டு சொல்லுங்கோ.”

“நீ வாயை மூடு.” அம்மா கத்தியைக் கீழே வைத்தார். “ஓம், நான்தான் சொன்னனான். இப்ப அதுக்கென்ன?”

“ஆருக்குச் சொன்னனீங்கள்? என்னெண்டு சொன்னனீங்கள்?”

“இவளுக்குத்தான். வேறை ஆருக்குச் சொல்லுறது? முதல் இவளைக் கேட்டன், உந்த லாம்பு விளையாட்டுக் கொம்பனியிலை தமிழ் ஆக்கள் ஆரும் வேலை செய்யினமோ எண்டு. இருந்தா ஒருக்காச் சொல்லிப் பாக்கலாம்தானே, எங்கடை பிள்ளை நெடுக ஒரு இடத்திலை நிக்கிறான், கொஞ்சம் பாத்துச் செய்யுங்கோ எண்டு.”

“அம்மா அதையும் ஒரு ஆம்ட், அரசாங்கக் கந்தோர் எண்டு நினைச்சிட்டா அண்ணா,” என்றாள் மிதுசா. “போய்ச் சந்திக்க ஒரு டெர்மின் எடுத்துத் தா எண்டுதான் இன்னும் கேக்கேல்லை. நான் தேடிப் பாத்தன், உள்ளுக்கையே ஒரு உதவி கிடந்தது. நீ குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தாய். அமத்திப் பிடிச்சன். அவ்வளவுதான். ஆருக்கு என்ன நட்டம்?”

“ஆருக்கு என்ன நட்டமோ?” அவன் மேசையில் அறைந்த அறையில் மீன் சட்டி துள்ளியது. “நான் ஏறினன் எண்டெல்லே நினைச்சன்! ஊருலகத்துக்கெல்லாம் சொன்னனான். மற்ற ஆக்களை எல்லாம் நொண்டி எண்டு எழுதினனான். நீங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு போய் மேலை விட்டிருக்கிறியள்!”

“தூக்கினா என்ன?” அம்மாவும் எழும்பிவிட்டார். “பெத்த பிள்ளையைத் தாய் தூக்காமல் ஆர் தூக்கிறது? நீ சாப்பிடேல்லை. படுக்கேல்லை. சோபாக் கட்டையிலை தலையை இடிச்சனீ, நான் கண்டனான். பாத்துக்கொண்டு இருக்கேலுமே என்னாலை? நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஆரிட்டையும் சொல்லாமல் ஒரு அலுவலாவது முடிச்சிருக்கிறமே? உன்ரை கொப்பாவின்ரை லைசென்ஸ், இந்த வீடு, இவளின்ரை ஆஸ்பில்டுங், எல்லாம் ஆருக்கோ ஒராளுக்குச் சொல்லித்தான். உனக்கு வேலை எடுத்தது விஜயரத்தினம் அண்ணையிட்டச் சொல்லித்தான். அதுக்கு நீ கோவிச்சனியே?”

சுலக்சன் மேசையிலிருந்து கையை எடுத்தான்.

“அம்மா,” என்றாள் மிதுசா மெதுவாக. “அது அவனுக்குத் தெரியாது.”

தெரியாதுதான். களஞ்சியத்துக்கான விண்ணப்பத்தை அவனே இருந்து எழுதினான். ஆஸ்பில்டுங் விட்டதை மறைக்காமல் எழுதினான். நேர்முகத்துக்குத் தனியாகப் போனான். அங்கே இருந்த பெண், உண்மையை எழுதியதற்கு நன்றி என்றாள். தன்னுடைய நேர்மைக்கு உலகத்தில் ஒரு இடமாவது உண்டு என்று அன்றைக்கு நம்பிக்கொண்டு வீட்டுக்கு நடந்து வந்தான். வேலையின் முதல் நாள் இரவுப் பொறுப்பாளர் விஜயரத்தினம், அவனை அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லாதவர் போல, “தம்பி தமிழே?” என்று கேட்டார். எவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார் அந்த மனிதர்!

“நான் சொல்லாட்டியும் எடுத்திருப்பினம்,” என்றார் அம்மா. குரல் இறங்கியிருந்தது. “நீ கெட்டிக்காரன்தானே. சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் ஒரு வார்த்தை...”

“எடுத்திருக்கலாம். கடைசி அறையையும் நான் அண்டைக்கோ அடுத்த நாளோ முடிச்சிருக்கலாம். முடிக்காமலும் விட்டிருக்கலாம். இனி அதை ஆர் கண்டது? நீங்களும் காணமாட்டியள், நானும் காணமாட்டன். அதைத்தான் அம்மா நீங்கள் எடுத்துப்போட்டியள்.”

அம்மாவுக்கு அது விளங்கவில்லை. விளங்காதது அவர் முகத்தில் தெரிந்தது. பிள்ளைக்கு ஒன்றைக் கொடுத்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார். எடுத்ததாக யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

சுலக்சன் முன்னறைக்குப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டான். இருவரும் பின்னால் வந்து கதவடியில் நின்றார்கள். அவன் பட்டியலைத் திறந்தான். பெயர், பக்கத்தில் கைப்பிடி. கீழே போய், ஆட்டத்தை அழிக்கவா என்று கேட்கும் இடத்துக்கு வந்தான்.

“அண்ணா, விசரே உனக்கு?” என்றாள் மிதுசா. “குளிர்காலம் முழுக்க விளையாடினது! எல்லா அறையும் போயிடும். மற்றதெல்லாம் நீயாத்தானே ஏறினாய்!”

“அப்பிடித்தான் நினைக்கிறன். ஆனா இனி உங்களை நம்பேலாது.”

“சத்தியமாய் அது ஒண்டுதான் அண்ணா!”

அவன் அழுத்தினான். விளையாட்டு இன்னொரு தடவை கேட்டது. மறுபடி அழுத்தினான். பட்டியல் ஒரு பெயர் குறைந்து நின்றது. அது குறைந்ததை யாரும் கவனிக்கப் போவதில்லை. குட்டி உருவம் விளக்கோடு சுரங்கத்தின் அடியில், முதல் அறையில் வந்து நின்றது.

பிறகு ஆட்டக்காரர்களின் பக்கத்தைத் திறந்து, விளையாட்டு பொய் சொல்லவில்லை, கைப்பிடி என்னுடையதுதான் என்று எழுதினான். எப்படி வந்தது என்று எழுதவில்லை. அம்மா சொல்லித் தங்கை போட்டாள் என்று எழுதினால் அந்தத் தொட்டில் படத்துக்கு அவனே சட்டம் போட்டுக் கொடுத்த மாதிரி.

முதல் அறைகள் எளியவை என்று அவனுக்கு ஒரு நினைவு. அப்படி இல்லை. நித்திரை இல்லாத கண்ணுக்கும் கோபத்தில் விறைத்த விரலுக்கும் அவை எளியவை இல்லை. விழுந்தான். வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. வேலைக்குப் போகிற பேருந்துக்கு நேரம் நெருங்கியது. அவன் எழும்பவில்லை.

அம்மா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பிறகு சத்தம் போடாமல் தொலைபேசியை எடுத்து இலக்கத்தை அழுத்தினார்.

“அண்ணை, நான் சந்திரகாந்தி. இவன் தம்பிக்கு இண்டைக்குக் கொஞ்சம்...”

“போனைத் தாங்கோ அம்மா.”

“இல்லையடா, நான் சும்மா...”

“தாங்கோ.”

அவன் ஆட்டத்தை நிறுத்தாமல் ஒரு கையால் வாங்கினான். உருவம் விழுந்தது.

“அண்ணை, நான் சுலக்சன். இண்டைக்கு வரமாட்டன்.”

“என்னப்பன், சுகமில்லையே?” விஜயரத்தினத்தின் குரலில் உண்மையான அக்கறை இருந்தது; அது இன்னும் எரிச்சலாக இருந்தது. “அது பிரச்சினை இல்லை. சுகமில்லை எண்டு போட்டுவிடுறன். நீர் படும்.”

“சுகமாய்த்தான் இருக்கிறன். வரேல்லை எண்டு போடுங்கோ.”

“அப்பிடிப் போட்டா உமக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும் தம்பி.”

“வரட்டும்.”

“நான் சமாளிச்சு விடுறன் எண்டுறன்...”

“சமாளிக்காதேங்கோ அண்ணை. நாளைக்கு வருவன். கடிதம் தந்தா வாங்குவன், வேலை இல்லை எண்டா போவன். எனக்காக ஒருத்தரிட்டையும் ஒரு சொல்லும் சொல்லக் குடாது.” பிறகு அடக்க முடியாமல், “முதல் நாள் என்னைப் பாத்துத் தமிழே எண்டு கேட்டனீங்கள்,” என்றான்.

மறுபக்கத்தில் பெட்டி ஏற்றுகிற வண்டி ஒன்று பின்னோக்கி வருகிற கீச்சுச் சத்தம் கேட்டது.

“அம்மா சொல்லிப்போட்டாவே?”

“ஓம்.”

“அப்பிடிக் கேக்கச் சொல்லி அவதான் தம்பி சொன்னவ. எனக்கு உது சரிவராது எண்டு நான் அப்பவே சொன்னனான். எனக்கு நடிக்கவும் வராது.”

“நல்லாத்தான் நடிச்சனீங்கள்,” என்று சொல்லிவிட்டு வைத்தான்.

அம்மா தொலைபேசியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் ஓரத்தில் இருந்தார். திரையில் உருவம் விளக்கை எறிந்தது, பாய்ந்தது, விழுந்தது. எறிந்தது, பாய்ந்தது, விழுந்தது. அம்மா ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து மூடினார்.

“முதல் அறை அண்ணா,” என்றாள் மிதுசா. “அதிலை விழுறதுக்கும் ஒரு திறமை வேணும்.”

“ஓம்.”

“திரும்ப மேலை வர ஏலாட்டி?”

“ஏலாட்டி ஏலாது.”

“ஒருநாளும் ஏலாட்டி?”

“அப்ப எனக்கு ஏலாது எண்டு அர்த்தம். அதையாவது நான் தெரிஞ்சுகொள்ளுறன், விடுங்கோ.”

மிதுசா தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். அம்மா இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழும்பி, குசினிக்குப் போனார். சுலக்சன் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தான். கேசரிக்கு ரவை வறுக்கிற சத்தமோ வாசமோ வந்தால் எழும்பிப் போய் அடுப்பை நிற்பாட்டுவதென்று முடிவு செய்திருந்தான்.

வரவில்லை. மீனை எண்ணெயில் போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவன் விளக்கை மேலே எறிந்தான்.